டெலனியின் மனைவி வந்தாளா?

இரத்தினேஸ்வரி தன் கண்ணால் ஒரு திராட்சைக் கொடியைக் கண்டவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் பந்தல் போட்டு வளர்ப்பார்களாம். அங்கேயும் அவள் போனதில்லை. ஆனால் பிரான்சில் போர்தோ என்ற துறைமுகத்திலிருந்து ஆற்றோரமாக வடக்கே போகிற பாதையில் எந்த வளைவில் எந்தத் தோட்டம் வரும், எந்தத் தோட்டத்தை எந்த அயர்லாந்துக் குடும்பம் எப்போது வாங்கியது, சுற்றுலா வான் வண்டி எந்த வாசலில் நிற்கும், எங்கே இறங்கி ஆட்கள் ஒதுங்குவார்கள் என்பது வரை அவளிடம் கேட்கலாம். திருகோணமலை உள்துறைமுகத்து இறங்குதுறையில், மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுக்குப் பேர் எழுதுகிற அறையில் உட்கார்ந்தபடியே அவள் அந்தப் பாதையில் எத்தனையோ தரம் போய் வந்துவிட்டாள்.

பேர் எழுதுகிறது சின்ன வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அந்தக் கடலில் பட்டியல் இல்லாமல் ஓர் ஈகூடப் போகேலாது. ஏறுகிறவரின் பேர், அடையாள அட்டை இலக்கம், கூட வருகிற பிள்ளைகளின் பேர் என்று எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதவேண்டும். ஒரு பிரதி லோஞ்சுக்கு, மற்றது நேவிக்காரனுக்கு. அவன் துறைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றடியில் நின்று பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆளை விடுவான். பட்டியலில் இருந்தால் ஆள் உண்டு. இல்லாவிட்டால் முன்னுக்கு நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஆள் இல்லை. அந்தத் துறையில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு இது சாப்பாடு மாதிரிப் பழகிப்போன விஷயம்.

அவளுக்குப் பக்கத்து யன்னலில் டிக்கெட் கிழிக்கிற மூதூர்க்காரி றுக்கியாதான் அவளுக்கு இருந்த ஒரே கூட்டு. காலை லோஞ்ச் போன பிறகு மத்தியான லோஞ்ச் வரும்வரை துறையில் காகம்தான் நிற்கும். அந்த நேரம் இரத்தினேஸ்வரி பைக்குள்ளிருந்து சின்ன கசெற் றெக்கோடரை எடுப்பாள். பாலையூற்றில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் கறண்ட் வருகிற நாளை விரல்விட்டு எண்ணலாம், ஆகவே கேட்பதெல்லாம் இங்கேதான், பற்றரியில்.

"என்ன ரத்தினக்கா, பிரான்ஸ் லோஞ்ச் வந்திட்டுதா?" என்று றுக்கியா சீண்டுவாள்.

"வந்திட்டுது. நீயும் ஏறன்."

"அல்லாவே! சாராயத் தோட்டத்துக்கா? என்ர வீட்டுக்காரர் அறிஞ்சால் என்னைக் கடல்லதான் தள்ளுவார்."

கசெற்றில் முதல் மூன்று பாட்டும் பக்திப்பாட்டு. சோதனைச் சாவடியில் யாராவது போட்டுப் பார்த்தால் சாமிப் பாட்டுத்தான் கேட்கவேண்டும் என்று அனுப்புகிறவன் செய்த ஏற்பாடு. நான்காவதாகத்தான் தங்கத்துரை கதைப்பான்.

தங்கத்துரை அவளுடைய புருஷன். கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கராக இருந்தவன், இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. எண்பத்திரண்டாம் ஆண்டு, மூதூருக்கு அப்பால் அவளுடைய ஊரான கிளிவெட்டியில், கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். விவாகப் பதிவாளர் அந்தக் கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டார். தாலி ஏறியாச்சு, ஊரே சாப்பிட்டுக் கைகழுவியாச்சு, இனிக் கடதாசிக்கு என்ன அவசரம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பாதிச் சனம் அப்படித்தான் குடும்பம் நடத்தியது, ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அடுத்த வருஷம் ஆனி மாதம் மகள் பிறந்தாள். கோணேசர் கோயில் அம்மனின் பேரையே பிள்ளைக்கு வைத்தார்கள், மாதுமை என்று. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பேர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, பெற்றார் விவாகம் செய்தவரா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்றும் எழுதியிருந்தது. அதைக் கண்டு இரத்தினேஸ்வரி அன்று முழுக்க அழுதாள். "அடுத்த மாசம் போய்ப் பதியுவம், அழாதையும்" என்றான் தங்கத்துரை. அடுத்த மாதம் எண்பத்து மூன்று ஆடி, நாடெங்கும் தமிழரை அடித்து எரித்த கலவரம். அந்த ஆடியில் யார் பதிவுக்குப் போனார்கள்?

எண்பத்தைந்தில் ஊர் எரிந்தது. கம்பனிக்குப் போகிற வழியில் அவனோடு போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் உயிரோடாவது இருப்பான் என்று அவள்தான் பிடிவாதமாக நின்று அனுப்பினாள். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. ஒரு வருஷத்தில் கூப்பிடுகிறேன் என்றான். ஒரு வருஷம் பதினொன்றாகிவிட்டது. 'உங்களைக் கூப்பிடப் பைல் போட்டிருக்கு' என்று ஒவ்வொரு கசெற்றிலும் சொல்லுவான், அவளும் நம்புவாள். நம்பாமல் இருப்பதற்கு அவளுக்கு வேறு என்ன இருந்தது?

முதலில் திராட்சைக் குலை வெட்டினான். பிறகு வைன் பீப்பாய் கழுவினான். பிறகு இங்கிலீஷ் தெரிந்தவன் என்று சுற்றுலா நடத்துகிற ஒருத்தி அவனை வான் ஓட்ட எடுத்தாள். அயர்லாந்திலிருந்து வருகிற ஆட்களைத் தங்கள் முன்னோர் வாங்கிய தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, கதை சொல்லி, வைன் பருகவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிற வேலை. அந்தப் பயணத்தைத்தான் அவன் கசெற்றில் அவளுக்கு ஓட்டிக் காட்டினான்.

"ரத்தினம், வானில ஏறும். முன் சீற் உமக்குத்தான், அதில நான் ஒருத்தரையும் இருக்க விடுறேல்லை. இப்ப ஷார்த்ரோன் எண்ட ஆத்தங்கரைத் தெருவில நிக்கிறம். அயர்லாந்துக்காரரின்ர வைன் கிட்டங்கியள் எல்லாம் இஞ்சதான் இருந்தது. ஆறு பெரிசு, மண் கலர். வெருகல் ஆறு மாரிக்கு ஓடுமே, அப்பிடி. இந்தச் சனம் ஊரில காணி பறிபோய், தங்கட சமயத்தைக் கும்பிட ஏலாமல், கப்பலேறி இஞ்ச வந்ததுகள். எங்களை மாதிரித்தான். என்ன, அதுகளிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை."

முதல் நிற்கிற இடம் கில்லிகன் தோட்டம். அங்கே கில்லிகன்கள் ஒருவரும் இப்போது இல்லை, வாசல் கல்லில் பேர் மட்டும் இருக்கிறது. அடுத்தது ஒ'மீரா. மண்ணே இல்லாமல் கூழாங்கல்லிலே கொடி நிற்கும், ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோசாச் செடி நிற்கும். நோய் வந்தால் முதலில் ரோசாதான் வாடும், அதைப் பார்த்துக் கொடிக்கு மருந்தடிப்பார்கள். கடைசியில் டெலனி. அங்கேதான் ஆட்கள் பேர் பொறித்த வாசலைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். சிலபேர் அழுவார்கள்.

"கிட்டத்தட்ட முந்நூறு வருசத்துக்குப் பிறகும் நிண்டு அழுகினம் ரத்தினம். எனக்குப் பதினொண்டுதான்."

டெலனி தோட்டத்து மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு கடிதம். கோல்வே என்ற ஊரிலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி ஏற்றிய கப்பலில் வந்து இறங்கிய டெலனி, ஊரில் விட்டுவந்த மனைவிக்கு எழுதியது. 'அடுத்த கப்பலில் வா.' அவ்வளவுதான் அதில் முக்கியமாக இருப்பது. பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்கத்துரையிடம் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். மனைவி வந்தாளா?

"வந்தா எண்டுதான் சொல்லுறனான். மூண்டாம் வருசம் வந்தா, ஆத்தங்கரையில டெலனி பாத்துக்கொண்டு நிண்டவர், ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்காமல் இந்த வீடுமட்டும் நடந்து வந்தவை எண்டு. கடதாசியில அப்பிடி ஒண்டும் இல்லை, நான் சொல்லுறது. வந்தா எண்டால்தான் சனம் சந்தோசமா வைன் குடிக்குது."

இந்த இடம் வந்ததும் இரத்தினேஸ்வரி கசெற்றைத் திருப்பி ஓடவிடுவாள். டெலனியின் மனைவி ஆற்றங்கரையில் இறங்குவாள். என்ன உடுத்தியிருப்பாள், பெட்டியை யார் தூக்கியிருப்பார்கள், அவனுடைய தலை நரைத்திருந்ததா என்றெல்லாம் தானே சேர்த்துக்கொள்ளுவாள். மத்தியான லோஞ்சின் சத்தம் கேட்டால் அவளுக்கு எரிச்சலாக இருக்கும். முப்பத்தாறு வயது. வீட்டில் பிள்ளை பாடம் படிப்பாள், இவள் தேங்காய் துருவுவாள், இரண்டு பேரும் சாப்பிட்டுப் படுப்பார்கள். குசினியில் மூன்றாவது கோப்பை ஒன்றை அவள் பதினொரு வருஷமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தனிமை என்பது ஆளில்லாமல் இருப்பது என்று சொல்லுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆள் இருந்து அவன் குரல் மட்டும் வருவதுதான் அது.

தொண்ணூற்றாறு வைகாசியில் வந்த கசெற்றில் பாட்டே இல்லை. எடுத்த எடுப்பிலே அவன்.

"ரத்தினம், இண்டைக்கு முன் சீற்றில வேண்டாம். இருந்து கேளும்."

கோல்வேயிலிருந்து ஒரு கிழவி பயணத்துக்கு வந்தாளாம். டெலனி ஊரில் விட்டுவந்த மனைவியின் வழியில் பிறந்தவளாம். மூன்றாம் வருஷம் வந்தாள் என்று இவன் வழக்கம்போலச் சொன்னபோது அவள் மெல்லச் சிரித்தாளாம். எங்கள் முப்பாட்டி ஒருக்காலும் வரவில்லையே என்றாளாம். டெலனி இங்கே இருக்க இடம் பிடிப்பதற்காக, தனக்குக் கலியாணமே ஆகவில்லை என்று ஒரு வியாபாரியிடம் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு எப்படிக் கூப்பிடுவான்? எழுதின கடிதத்தை அவன் அனுப்பவே இல்லை. அதனால்தான் அது இன்னமும் இந்த வீட்டிலேயே இருக்கிறது.

"முகத்தில கோபம் ஒண்டும் இல்லை. வைனையும் குடிச்சுப்போட்டு, ஏன் தம்பி வந்தா எண்டு சொல்லுறீர் எண்டு கேட்டா. நானும் அப்பிடித்தான் சொன்னனான் ரத்தினம். வந்த முதல் கிழமை, அகதிப் பதிவில. கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை எண்டு சொன்னால் கேள்வி குறையும் எண்டு கூட்டியந்தவன் சொன்னான். சொல்லிப்போட்டன். பைல் எண்டு ஒண்டு இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

இரத்தினேஸ்வரி கசெற்றை நிறுத்தவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் முதலில் வெட்கம்தான் வந்தது, பதினொரு வருஷம் பாலையூற்றுச் சனத்துக்கெல்லாம் 'பைல் போட்டிருக்கு' என்று சொல்லித் திரிந்தவள் அவள்தானே.

மீதியை அவன் அவசரமாகச் சொன்னான். இப்போது ஒரு வழி இருக்கிறது. அவளுடைய கடதாசியிலும் கலியாணம் இல்லை, அவனுடைய கடதாசியிலும் இல்லை. அகதியாக இருக்கிறவன் இலங்கைக்கு வரமுடியாது, திருச்சிக்கு வரலாம். அங்கே கலியாணத்தைப் புதுசாக எழுதிப் பதிவார்கள். ஆறு மாதத்தில் அவள் போர்தோவில்.

"ஆனால் பிள்ளையின்ர பேர் ஒரு படிவத்திலயும் வரக்கூடாது. பிள்ளை இருக்கெண்டால் நான் பொய்க்காரன், இருக்கிற விசாவும் பறிபோம். மாதுமையை அங்க ஓர்ஸ் ஹில்லில இருக்கிற உம்மட புஷ்பவதி அக்காவோட விடும். ஆரும் கேட்டால் பிள்ளை இல்லை எண்டு சொல்லும். பேந்து அவளையும் எடுக்கிற வழியைப் பாப்பம். முன் சீற் இன்னும் சும்மாதான் இருக்கு, ரத்தினம்."

அவள் உடனே மாட்டேன் என்றாள் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. அவளுக்குப் போக ஆசையாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லமுடியாத அளவுக்கு ஆசையாக இருந்தது. புஷ்பவதி நல்ல மனுஷி, பள்ளிக்கூடமும் அந்த வீட்டுக்குக் கிட்ட. இரண்டு மூன்று வருஷம்தானே, எத்தனை தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போகிறார்கள் என்று தனக்குத்தானே வக்கீல் பிடித்துப் பேசினாள். திருச்சியில் கேட்கப்போகிற கேள்விகளை வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். கலியாணம் முடித்தவரா? இல்லை. பிள்ளைகள்? இல்லை. கூட யார்? ஒருவரும் இல்லை, நான் தனிய. முதல் நாள் பிள்ளைகள் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் எல்லாப் பதிலும் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை கிளிவெட்டிக் கோயிலில் பொங்கல். அவளுக்கு அன்று லீவு, எழுதுகிற கதிரையில் றுக்கியா. இரத்தினேஸ்வரி மகளோடு துறைக்கு வந்தாள். மாதுமை கச்சான் கடலை வாங்க வாசலில் நின்றுவிட்டாள். இவள் அறைக்குப் போய் அடையாள அட்டையை நீட்டினாள். றுக்கியா வேண்டுமென்றே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, இரத்தினேஸ்வரி சனத்திடம் கேட்கிற அதே தோரணையில் கேட்டாள்.

"பேர்? கூட வாறது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை, நான் தனிய" என்றது இரத்தினேஸ்வரியின் வாய்.

பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாளாக்கும் என்று றுக்கியா எழுதிக் கீழே கோடும் இழுத்துவிட்டாள். பின்னால் சனம் முண்டியடித்தது. இரத்தினேஸ்வரிக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே உறைக்கவில்லை. கயிற்றடியில் அவளுடைய பேரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு லோஞ்சில் இறங்கினாள். பக்கத்து இடத்தில் பையை வைத்து மகளுக்கு இடம் பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது மாதுமை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் கச்சான் சுருள். நேவிக்காரன் பட்டியலில் விரலை ஓட்டி, மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் பார்த்தான்.

"பேர் இல்ல" என்றான்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அழவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு, தாயைப் பார்த்துச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அம்மா, என்ர பேர் இல்லையாம். நீங்கள் சொல்லேல்லையா?"

லோஞ்ச்காரன் எஞ்சினை முடுக்கிவிட்டான். இரத்தினேஸ்வரி ஆட்களின் காலை மிதித்து, பையைக்கூட எடுக்காமல் பாய்ந்து கரையேறினாள். சேலைக் கரை தண்ணீரில் நனைந்தது. நேவிக்காரன் ஏதோ சத்தம் போட்டான். அவள் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் சிவந்து, "நோகுது அம்மா" என்று மாதுமை சொன்ன பிறகும் விடவில்லை. பின்னால் லோஞ்ச் போய்விட்டது.

யன்னலால் எட்டிப் பார்த்த றுக்கியா பேனையைக் கீழே வைத்தாள். "நான் பிழையா எழுதிப்போட்டனா அக்கா?"

"இல்லையடி. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அன்று பொங்கலுக்குப் போகவில்லை. சனம் கலைந்த துறையில், பேர் எழுதுகிற அறைக்குள் தாயும் மகளும் றுக்கியாவும் கச்சானைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு றுக்கியா தொழ எழும்பிப் போனாள். இரத்தினேஸ்வரி முதல் நாள் விட்டுப்போன றெக்கோடர் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. அவன் அனுப்பிய அதே கசெற்றைப் போட்டு, பாட்டொன்றும் வைக்காமல், முதலிலிருந்தே, பதிவு செய்கிற சிவப்புக் கட்டையை அமத்தினாள்.

"இஞ்சருங்கோ. நான் வரேல்லை. வர ஆசை இல்லாமலில்லை, அது உங்களுக்கும் தெரியும். இண்டைக்கு ஒருக்கா, ஒரு நிமிசம், உங்கட பிள்ளையைப் பட்டியலில இல்லாமல் கயித்துக்கு அங்கால நிக்க விட்டுட்டன். மூதூர் லோஞ்சுக்கே எனக்கு அது ஏலாமல் போச்சு. நீங்கள் போய் விசாக் குடுக்கிற அவையளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. மூண்டு பேர் எண்டு எழுதக் குடுங்கோ. உங்களைத் திருப்பி அனுப்பினால் வாங்கோ, இஞ்ச பேர் எழுதுறது நான்தான். சொல்லப் பயமெண்டால் அந்த முன் சீற்றில ஆரையாவது இருத்துங்கோ, சும்மா கிடக்க வேண்டாம். அந்தக் கிழவி இன்னொருக்கா வந்தால் சொல்லுங்கோ, டெலனியின்ர மனிசிக்குக் கடிதம் போகாதது சரி. போயிருந்தாலும் அவ ஏறியிருக்க மாட்டா. அவவிட்டப் பிள்ளை இருந்தது. பிள்ளை இருந்தபடியால்தானே இந்தக் கிழவி பிறந்தவ."

அவன் போகமாட்டான் என்று அவளுடைய மனசில் பாதி சொன்னது. மற்றப் பாதி இன்னமும் அந்த மூன்றாவது கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தக் கை போனது. நிறுத்தாமல் றெக்கோடரை மகள் பக்கம் தள்ளினாள்.

"உன்ர முழுப் பேரைச் சொல்லு."

"ஏன் அம்மா?"

"அப்பா எழுதிக் குடுக்கவேணும். சொல்லு."

மாதுமை உதட்டில் ஒட்டியிருந்த கச்சான் தோலைத் துடைத்தாள். தகப்பனின் முகம் அவளுக்குப் படத்தில்தான் தெரியும். முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்லுகிற மாதிரி நிமிர்ந்து சொன்னாள்.

"தங்கத்துரை மாதுமை."

"இன்னும் ஒருக்காச் சத்தமாச் சொல்லு, பிள்ளை" என்றாள் இரத்தினேஸ்வரி. "அப்பா தூரத்தில இருக்கிறார்."